நாற்பத்தொன்றுக்கு எட்டு

நாரினில் மைனஸ் பதினெட்டு.
மெலிஸின் கொட்டகையில் என் உவாஸ் ஜீப்
முகம் கழற்றி நிற்கிறது.
பழைய பெட்ரோல் இன்ஜின் வாசலில், பனிக்கடியில்.
பிஷ்கெக்கில் யாரோ நொறுக்கிய ஜெர்மன் காரின்
ஐந்து சிலிண்டர் டீசல்
இரண்டு விரல் இடைவெளியில் உள்ளே உட்கார்ந்துவிட்டது.

இதுவரை வேலை, என்றார் மெலிஸ்.
இனிமேல்தான் வம்பு.

மேசையில் மூன்று ஜோடி கிரவுன் பினியன்,
கீழே விரித்த தேர்தல் போஸ்டரில் எண்ணெய் ஊறுகிறது.
முப்பத்தேழுக்கு ஒன்பது: ஓடும்.
முப்பத்தேழுக்கு எட்டு: வண்டி பிறந்தபோதே இருந்தது.
நாற்பத்தொன்றுக்கு எட்டு: இழுக்கும்.
பழைய ராணுவ ஜீப் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது.

சகின்பெக்குக்கு முதலாவதுதான் வேண்டும்.
மாதம் இருமுறை பிஷ்கெக் போகிறவர்.
"தொண்ணூறில் போனால் இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று.
நீ கேட்பதில் மூவாயிரத்து இருநூறு.
பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது."
இத்தனை வருடத்தில் வண்டியில் என்ன பேசினோம் என்று
யோசித்துப் பார்த்தேன்.
டீசல் விலை.

என் கணக்கு மருந்து நோட்டின் பின்னட்டையில் இருந்தது.
அக்டோபர் முழுக்க எழுதியது.
தார் ரோடு எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர்.
சரளை நூற்றுத் தொண்ணூறு.
லோவில், முதல் கியரில், ஏறியது
முப்பத்தொன்று.

"முப்பத்தொன்றுக்காகவா ஆயிரத்தையும் கத்தவிடப் போகிறாய்?"

நியாயமான கேள்வி.
மெலிஸ் ஒரு போல்ட்டை எடுத்து
அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தும் துடைத்தார்.

அந்த முப்பத்தொன்றில் அய்னகுலின் மேய்ச்சல் நிலம் இருக்கிறது.
மூவாயிரத்து நானூறு மீட்டர்.
அங்கே காற்றே அரை வயிறு; எந்த இன்ஜினுக்கும் நெஞ்சடைக்கும்.
போன மாதம் அவளுடைய யாக் ஒன்றுக்குக் கன்று குறுக்கே நின்றது.
இரண்டு முறை ஏறினேன். கிளட்ச் கருகும் நாற்றம்.
மூன்றாம் முறை வண்டி பின்னால் உருண்டு
பாறையில் முட்டி நின்றது.
கயிற்றையும் பெட்டியையும் தோளில் போட்டு
நாற்பது நிமிடம் நடந்தேன்.
கன்று பிழைத்தது.
தாயைப் பற்றி அய்னகுல் ஒன்றும் சொல்லவில்லை,
தேநீர் ஊற்றினாள்.

இதைக் கொட்டகையில் அப்படியே சொன்னேன்.
சகின்பெக் நாற்பத்தொன்றைத் தூக்கிப் பல் எண்ணினார்.
எண்ணி முடித்ததும் மறுபடி எண்ணினார்.
"நாற்பத்தொன்று பகா எண்," என்றார் மெலிஸ்,
"சின்னதின் ஒரு பல், பெரியதன் எல்லாப் பல்லையும்
தொட்டுவிட்டுத்தான் பழைய பல்லிடம் வரும்.
ஒன்றையே கடித்துத் தேய்க்காது."
"முப்பத்தேழும் பகா எண்தானே," என்றார் சகின்பெக்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அவரே அதை முன் ஆக்சில் பக்கம் வைத்தார்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே விகிதம் வேண்டும்.
மாறினால் ஒரே வண்டி இரண்டு வேகத்தில் போகப் பார்க்கும்,
நடுவில் இருப்பது உடையும்.
ஆகவே எல்லா வேலையும் இரண்டு தடவை.
மெலிஸ் பல்லில் மஞ்சள் சாயம் தடவி
கையால் சுற்றித் தடம் பார்த்தார்.
நுனியில் விழுந்தது. ஒரு ஷிம் சேர்த்தார்.
அடியில் விழுந்தது. எடுத்தார், வேறு போட்டார்.
இரவு பதினொன்றே காலுக்குப் பல்லின் நடுவில்
சுண்டுவிரல் நகம் அளவு ஒரு தடம்.
மூடியைப் போட்டு, காதில் செருகியிருந்த சிகரெட்டை
அப்போதுதான் பற்றவைத்தார்.

பிஷ்கெக் சாலையில் இப்போது
நிலக்கரி லாரிகள் எங்களை முந்துகின்றன.
ஒரு டிரைவர் கையசைத்துவிட்டுப் போனான், அனுதாபமாக.
சகின்பெக் என் மருந்துப் பெட்டியைத் திறந்து
பஞ்சு எடுத்துக் காதில் அடைத்துக்கொள்கிறார்.
பில்லில் எழுதவா என்றேன். கேட்கவில்லை.

பிப்ரவரியில் அய்னகுலின் ஏற்றத்துக்கு
அவரும் வந்தார், தடுப்பூசிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள.
அந்தப் பாறை இடப்பக்கம் மெல்ல வந்தது,
மெல்லப் போனது.
கிளட்ச் நாற்றம் இல்லை.
இறங்கும்போது நான் பிரேக்கைத் தொடவில்லை,
பற்களே வண்டியைப் பிடித்திருந்தன,
ஆள் நடக்கும் வேகத்தில்.

பாதி இறக்கத்தில் அவர் ஒரு காதின் பஞ்சை எடுத்தார்.
"மொத்தம் எத்தனை யாக் அவளுக்கு?"
சொன்னேன்.
இன்னொரு பஞ்சையும் எடுத்தார்.